வாரம் ஒருமுறை மலையோட்டம்: செஞ்சிக் கோட்டையில் ஏறுவோரும் அவர்தம் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மலையோட்டம் என்பது சமதளச் சாலையில் ஓடுவது போன்றதன்று. ஏற்றத்தில் விரைந்து நடந்தும் ஓடியும், இறக்கத்தில் உடல் எடையைத் தாங்கிப் பிடித்தும் செய்யும் கடுமையான உடற்பயிற்சி அது. மகாராட்டிர மாநிலம் சாத்தாராவில் 2012ஆம் ஆண்டு முதல் மலை அரை மாரத்தான் நடைபெற்று வருகிறது. குஜராத்தின் கிர்நார் மலைப் படிகளில் ஏறும் போட்டி அதனினும் பழமையானது. தமிழ்நாட்டிலும் ஓட்டக் குழுவினர் வார இறுதியில் அருகிலுள்ள குன்றுகளை நாடுகின்றனர். விழுப்புரம் மாவட்டத்தில் அத்தகைய இடங்களுள் முதன்மையானது செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியரின் படைத்தளக் கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இக்கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்டது.

இங்கு ஏறுவோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். நாள்தோறும் பயிற்சி செய்யும் இளைஞர்கள் உள்ளனர். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாவோர் உள்ளனர். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொண்டு, “உடற்பயிற்சி செய்யுங்கள்” என்ற மருத்துவரின் அறிவுரையை ஏற்று நண்பர்களுடன் புறப்படும் நடுத்தர வயதினரும் உள்ளனர். இப்பக்கம் பெரிதும் இம்மூன்றாம் வகையினருக்காகவும், அவர்களை வீட்டிலிருந்து வழியனுப்பும் குடும்பத்தினருக்காகவும் எழுதப்படுகிறது.

ராஜகிரியில் ஏறும்போது உடலில் நிகழ்வது என்ன?

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி, அதாவது 240 மீட்டர் உயரமுடையது. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் எனக் கொண்டால், எண்பது மாடிகளைப் படிக்கட்டில் ஏறுவதற்கு இது ஈடாகும். படிகளும் ஒரே அளவினவாக இல்லை. சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டியுள்ளது.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் இந்த உயரத்தை ஏறும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்கே உடலை மேலே தூக்குவதற்குப் பயன்படுகிறது. எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பம் முழுவதும் உடலிலேயே தங்கிவிட்டால், ஒருமுறை உச்சியை அடைவதற்குள் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். வழக்கமான 37 டிகிரி 39 ஆகும். இதனைத் தடுப்பது வியர்வை மட்டுமே. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் அது சொட்டி வீழ்கிறதே தவிர ஆவியாவதில்லை. இதனுடன், காலை வெயிலில் சூடேறிய பாறை கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வெப்பத்தை வீசுகிறது. தோலைக் குளிர்விக்கவும் தசைகளை இயக்கவும் இதயம் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதன் பணிச்சுமை இருமடங்காகிறது எனலாம்.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் நுழைவுச்சீட்டு பெற்று, பகல் நேரத்தில்தான் உள்ளே செல்ல இயலும். விடியலுக்கு முன் ஏறி, வெயிலுக்கு முன் இறங்கிவிடும் வாய்ப்பு இங்கு இல்லை. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை செஞ்சி மலைகளில் ஓட்டப் பயிற்சியை முற்றிலும் நிறுத்திவிட்டு, விடியற்காலையில் சமதளத்தில் நடப்பதும் ஓடுவதுமே முறையாகும். பயிற்சி விட்டுப்போகுமே எனக் குழுவினர் தயங்குவதுண்டு. அந்த மூன்று மாதங்களில் சமதளத்தில் செய்யும் பயிற்சி வீணாவதில்லை.

வாரம் ஒருமுறை போதுமா?

“ஆறு நாள்கள் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை” என்ற பழக்கம் பரவலாக உள்ளது. இப்பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள விரும்புவோர் இதனைக் கொள்ளலாம்: இடர் மிகுந்த முறை இதுவே.

அமெரிக்காவில் மாரடைப்பு ஏற்பட்ட 1,228 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1993ஆம் ஆண்டு வெளியானது. கடும் உழைப்பில் ஈடுபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு, ஓய்வாக இருக்கும் நேரத்தைவிட எத்தனை மடங்கு கூடுகிறது என்பதை அது கணக்கிட்டது. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கடும் பயிற்சி செய்வோருக்கு அது 2.4 மடங்கு, மூன்று, நான்கு முறை செய்வோருக்கு 8.6 மடங்கு; ஒன்றிரண்டு முறை செய்வோருக்கு 19.4 மடங்கு. வாரம் ஒருமுறைகூடச் செய்யாதவர் திடீரெனக் கடும் உழைப்பில் இறங்கினால் 107 மடங்கு.

இவ்வெண்களைக் கண்டு அஞ்சி வீட்டிலேயே அமர்ந்துவிடுதல் கூடாது. ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அது பல மடங்கு கூடினாலும் பெரும்பாலோருக்குச் சிறிய எண்ணாகவே இருக்கும். ஆனால், ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அது சிறிய எண்ணன்று. ஆய்வு உணர்த்துவது, மலையைத் தாங்கும் உடலை மலையில் அன்று, மற்ற ஆறு நாள்களில்தான் உருவாக்க வேண்டும் என்பதே.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்து நாள்கள் அரை மணி நேரம் விரைந்து நடந்தாலே இதன் தொடக்க அளவை எட்டிவிடலாம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டுள்ளது. அத்தகைய 8 கிலோமீட்டர் தொலைவை இடையில் நில்லாமல், பேசிக்கொண்டே நடந்து முடிக்க இயலும் நிலை வந்த பின்னரே மலையைப் பற்றி எண்ணலாம். அப்போதும் முதலில் ராஜகிரியைவிடத் தாழ்ந்த கிருஷ்ணகிரியில், ஓடாமல் நடந்து ஏற வேண்டும். நேரக் கணக்கு வேண்டாம். சில வாரங்களுக்குப் பின் ராஜகிரிக்கு மாறலாம்.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதயநோய் மருத்துவரின் பரிசோதனையின்றி மலையில் ஓடக் கூடாது. டிரெட்மில் பரிசோதனையில் தேறியவர்களும் நடந்து ஏறலாமே ஒழிய, பிறருடன் போட்டியிட்டு நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. பத்து நிமிடம் முந்திச் சென்று உச்சியில் காத்திருப்பதால் இதயத்துக்குக் கூடுதல் பயன் ஏதுமில்லை.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்போர், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மிகு கொழுப்பு உள்ளோர் ஆகியோருக்கு இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இ.சி.ஜி. ஆகிய பரிசோதனைகள் அடிப்படைத் தேவை. இவை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. இ.சி.ஜி. இயல்பாக இருப்பது அடைப்பே இல்லை என்பதற்குச் சான்றாகாது. படி ஏறும்போது மார்பில் இறுக்கம் தோன்றி, நின்றால் குறைகிறது என்றால், இ.சி.ஜி. எப்படியிருப்பினும் அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இளைஞர்களைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓட வேண்டும். முறையாகப் பயிற்சி செய்தவருக்கு இது எட்டக்கூடிய இலக்கே. எனினும், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் தேர்வுக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர் என்பதை மறத்தலாகாது. ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையைப் “பசி மயக்கம்” என்று கருதிப் பெற்றோர் விட்டுவிடக் கூடாது. ஓட்டத்தின் இடையே நேரும் மயக்கம், இதயத் தசைத் தடிப்பு நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் எவரேனும் திடீரென இறந்திருந்தால் அதனையும் மருத்துவரிடம் கூறி, எக்கோ பரிசோதனை தேவையா எனக் கேட்டறிய வேண்டும். காய்ச்சல் உள்ள நாளிலும், காய்ச்சல் தணிந்த அடுத்த சில நாள்களிலும் ஓடுதல் கூடாது. தேர்வுக்கு ஆயத்தமாகும் பெண் பிள்ளைகள் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. சோம்பலாகத் தோன்றும் மூச்சிரைப்பு பல வேளைகளில் இரும்புச்சத்துக் குறைவே.

நாள்தோறும் மருந்து உட்கொள்வோர்

மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு மலைக்குச் செல்வதும் தவறு. வழக்கம்போல் விழுங்கிவிட்டு எதையும் எண்ணாமல் செல்வதும் தவறு. ஹைட்ரோகுளோரோதையசைடு, ஃபுரோசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரைகள் உடல் நீரை முன்னதாகவே குறைத்துவிடுகின்றன. அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவை நாடித்துடிப்பை உயரவிடாது. எனவே கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டுதல் ஆகாது. பேசிக்கொண்டே ஏற இயலுகிறதா என்பதே இவர்களுக்கு ஏற்ற அளவுகோல். மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர், கிளிமெபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு உட்கொள்வோர் மலையில் தாழ்சர்க்கரைக்கு ஆளாகலாம். ஏறத் தொடங்கும் முன் இரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் வாழைப்பழம் போன்ற ஏதேனும் உண்ட பின்னரே புறப்பட வேண்டும். 250 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அன்று கடும் பயிற்சி வேண்டாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிய பின்னும், ஏன் அன்றிரவு உறக்கத்திலும்கூடச் சர்க்கரை தாழக்கூடும். அன்றிரவு வியர்த்துப் புரளும் கணவரையோ தந்தையையோ எழுப்பிப் பரிசோதிப்பது குடும்பத்தினரின் பொறுப்பு. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்வோர் நீண்ட மலையேற்றத்துக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். கால் மரத்துப்போனவர்கள் கரடுமுரடான பாறையில் ஓடவே கூடாது. வீடு திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

உடல்வலி வருமென்று முன்கூட்டியே டைக்ளோஃபினாக் அல்லது ஐபுபுரூஃபென் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறும் வழக்கம் சிலரிடம் உள்ளது. நீரிழப்பின்போது இவை சிறுநீரகத்துக்குக் கேடு செய்வன. இப்பழக்கத்தை உடனே விடுக.

எவ்வளவு நீர் பருகுவது?

தாகத்துக்கு ஏற்பப் பருகுவதே போதுமானது. “எவ்வளவு குடித்தாலும் நல்லதே” என்பது உண்மையன்று. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் உப்பின் அளவு தாழ்ந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் பருகி, ஓட்டத்தின் இறுதியில் எடை கூடியிருந்தவர்களிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என இதன் அறிகுறிகள் வெப்பத்தாக்கையே ஒத்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு உப்பிட்ட நீர்மோரோ, ஒரு லிட்டர் நீரில் முறையாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ எடுத்துச் செல்லலாம். நாள்பட்ட சிறுநீரக நோயுள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இதய வலுவிழப்புக்காக நீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் இத்தகைய பயிற்சிக்கு உரியவர்கள் அல்லர்.

வெப்பத்தாக்கு: உடனிருப்போர் செய்ய வேண்டியவை

ஹீட் ஸ்ட்ரோக் என மக்கள் வழங்கும் வெப்பத்தாக்கு, உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையின் செயல் குலைவதாகும். வெயிலில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு வரும் வெப்பத்தாக்கில் தோல் உலர்ந்திருக்கும். ஓடுபவருக்கு வருவதில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். “வியர்க்கிறதே, ஆகவே ஆபத்தில்லை” என்று முடிவு செய்யக் கூடாது. பொருத்தமற்ற பேச்சு, தள்ளாட்டம், நண்பரிடம் காரணமின்றிச் சினம், “என்னை விடுங்கள், நான் போகிறேன்” என்ற பிடிவாதம் ஆகியவையே நம்பத்தக்க அறிகுறிகள். பாதிக்கப்பட்டவர் தமது நிலையைத் தாமே உணரமாட்டார். உடன் வருபவரே உணர வேண்டும். குழுவில் கடைசியாக ஏறுபவருடன் எப்போதும் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

அறிகுறி தென்பட்டதும் 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அழைத்துவிட்டுக் காத்திருத்தல் கூடாது. முதலில் குளிர்வித்தல், பிறகே கொண்டுசெல்லுதல் என்பது இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. அமெரிக்காவின் ஃபால்மவுத் நகரில் ஆண்டுதோறும் கோடையில் நடைபெறும் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேர் வெப்பத்தாக்குக்கு உள்ளாயினர். ஓட்ட முடிவிடத்திலேயே குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமர்த்தப்பட்டதால் அனைவரும் உயிர் பிழைத்தனர்.

மலைச் சரிவில் தொட்டி இராது. நிழலுள்ள மண்டபத்துக்கோ மதிற்சுவரின் நிழலுக்கோ தூக்கிச் சென்று, மேலாடையை நீக்கி, கையிலுள்ள நீர் முழுவதையும் உடல் மீது ஊற்றித் துண்டால் இடைவிடாது விசிற வேண்டும். குடிக்க வைத்திருந்த நீரைச் செலவிடத் தயங்க வேண்டாம். அடிவாரத்தில் வாகனத்தில் ஒரு தார்ப்பாயும், இரண்டு மூன்று குடம் நீரும், பனிக்கட்டிப் பெட்டியும் வைத்திருக்கும் குழு உயிர்காக்கும் கருவியை வைத்திருக்கிறது என்றே பொருள். தார்ப்பாயின் நடுவில் அவரைக் கிடத்தி, நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, நீரையும் பனிக்கட்டியையும் கொட்டி அசைத்தால் அதுவே தொட்டியாகிவிடும். தலை நீருக்கு மேல் இருக்கட்டும். நினைவு தெளியும் வரை, அல்லது ஆம்புலன்ஸ் பணியாளர் பொறுப்பேற்கும் வரை இதனைத் தொடரலாம். நினைவற்றவருக்கு வாயில் நீர் புகட்டக் கூடாது. பாராசிட்டமால் மாத்திரை இவ்வெப்பத்தைத் தணிக்காது. அவர் சர்க்கரை நோயாளி எனில், குளிர்விக்கும்போதே குளுக்கோமீட்டரில் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

மார்பு வலி ஏற்பட்டால்

மார்பின் நடுவில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, இயல்புக்கு மீறிய மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினும் ஏறுவதை அக்கணமே நிறுத்த வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் களைப்பும் வாந்தியும் மட்டும் வரலாம். “வாயுத் தொல்லை” என்று சோடா குடித்து மேலே தொடர்ந்தவர்களை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். அவரை நடக்கவிடாமல் அமர வைத்து 108 அழைக்க வேண்டும். மருத்துவர் முன்னரே அளித்த நாக்கடி மாத்திரை இருப்பின் அமர்ந்த நிலையில் கொடுக்கலாம். தமிழ்நாடு அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கின்றன. அடுத்தகட்டச் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

நினைவிழந்து, மூச்சும் இல்லையெனில் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். மலையிலிருந்து ஒருவரை இறக்கிக் கொணர நேரமாகும். அதற்குள் உதவக்கூடியவர்கள் அருகில் நிற்கும் நண்பர்களே. குழுவில் குறைந்தது இருவராவது இம்முதலுதவியைப் பயின்றிருக்க வேண்டும்.

இறக்கமும் பின்விளைவுகளும்

ஏற்றம் இதயத்தைச் சோதிக்கும். இறக்கம் தொடைத் தசைகளையும் முழங்கால்களையும் சோதிக்கும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஏறும்போது வலி உணராமல், இறங்கும்போது தவிப்பர். இறக்கத்தில் ஓடாமல், ஊன்றுகோலுடன் குறுக்கடி வைத்து இறங்குவதே தக்கது. அடுத்த இரண்டு மூன்று நாள்கள் தொடை வலிப்பது இயல்பு. ஆனால், தசை வீங்கிக் கடும் வலியுடன் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் வெளியேறினால், சிதைந்த தசைப் பொருள் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியுள்ளது எனக் கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

புதர்களினூடே ஓடியவருக்கு இரண்டு வாரங்களுக்குள் கடும் காய்ச்சல் வந்தால் உண்ணிக் காய்ச்சலையும் ஐயுற வேண்டும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த புண் உள்ளதா எனப் பார்க்கவும். டாக்சிசைக்ளின் மருந்தால் இது குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கோட்டையில் குரங்குகள் மிகுதி. தின்பண்டப் பையைக் கையில் ஏந்திச் செல்லாதீர்கள். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் சிறிதாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அதன் மீது வைக்கக் கூடாது. அன்றே செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசி போட்ட நாளைச் சுழிய நாளாகக் கொண்டு 3, 7, 28ஆம் நாள்களில் எஞ்சிய தவணைகள் போடப்படும். வெளியூரிலிருந்து வந்து செல்வோர் முதல் ஊசியின் சீட்டை எடுத்துச் சென்று, தத்தம் ஊர் அரசு மருத்துவமனையில் மற்றத் தவணைகளைப் போட்டுக்கொள்ளலாம். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.